உங்கள் நட்சத்திரம் எங்கே இருக்கிறது?

ரத சப்தமி அன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் கலசப்பாக்கத்துக்கு வருவார். செய்யாற்றில் தீர்த்தவாரி நடக்கும். சுற்றுவட்டார ஊர்ச்சனம் எல்லாம் ஆற்று மணலில்தான் இருக்கும். சாமி பார்த்த கூட்டம் கரையேறிக்கொண்டிருந்த நேரம், கடைகளின் விளக்கு வெளிச்சத்தை விட்டுக் கொஞ்ச தூரம் மணலில் நடந்து போய் உட்கார்ந்தேன். பேரனுக்குப் பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு ஆயாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாமிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார்.

"யார் பேருக்கு ஆயா அர்ச்சனை?"

"பேரன் பேருக்கும் என் பேருக்கும். அவன் ரோகிணி, நான் கேட்டை."

"ரோகிணி எதுன்னு தெரியுமா ஆயா?"

"கோயில்ல சொல்ற பேருதானே, தம்பி."

தலைக்கு மேலே காட்டினேன். தை மாத மாலை ஏழரை மணி. அந்த நேரத்தில் ரோகிணி ஏறக்குறைய உச்சியில் நிற்கும். லேசான ஆரஞ்சு நிறம். பையன் பொரியை மடியில் கொட்டிவிட்டு அண்ணாந்தான். "இதுவா? மேலேயே இருக்குதா?" என்றார் ஆயா. எழுபது வயதுவரை தினமும் தன் தலைக்கு மேலே போய்வந்த ஒன்றை அன்றுதான் முதல் முறை பெயரோடு பார்த்தார்.

வான்நோக்கத் தொடங்கும் தமிழருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை என்பது என் எண்ணம். அசுவினி முதல் ரேவதி வரை 27 பெயர்கள் நம்மில் பலருக்கு மனப்பாடம். கல்யாணப் பத்திரிகையிலும் அர்ச்சனைச் சீட்டிலும் அவை வருகின்றன. உலகத்தில் பெரும்பாலானவர்கள் வானம் பார்க்கத் தொடங்கும்போது புதிய பெயர்களைப் படித்து, பிறகு மேலே தேட வேண்டும். நமக்குப் பெயர்கள் ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. விரல் நீட்டிக் காட்ட மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஜாதகம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். பெயர்கள் எல்லோருக்கும் சொந்தம்.

தினசரிக் காலண்டர் ஒரு வான்வரைபடம்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாளைப் பாருங்கள். ராகுகாலம், எமகண்டம், திதி, அதற்குக் கீழே நட்சத்திரம். 'ரோகிணி மாலை 4.12 வரை, பிறகு மிருகசீரிடம்' என்பதுபோல் எழுதியிருக்கும். அதன் பொருள் மிக எளிது: நிலா இன்று வானத்தில் அந்த விண்மீனின் வட்டாரத்தில் இருக்கிறது. நிலா பூமியைச் சுற்றிப் பழைய விண்மீனிடமே திரும்பி வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 வீடுகளாக வகுத்தார்கள். ஒரு வீடு 13 டிகிரிக்குச் சற்று அதிகம். நிலா ஒரு நாளைக்கு ஒரு வீடு என்ற கணக்கில் நடக்கிறது.

ஆகவே தாளில் ரோகிணி என்று இருக்கும் நாளில் நிலாவைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பிரகாசமாக ஒரு விண்மீன் தெரிந்தால் அதுதான். மறுநாள் நிலா கிழக்கே நகர்ந்திருக்கும். விண்மீன் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு நாள் பார்த்தால் கை தானாகச் சரியான திசைக்குப் போகும்.

இந்த முறையில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கும் பிரகாசமானவை, நிலாப் பாதையை ஒட்டியே இருப்பவை. சில காலங்களில் நிலா இவற்றின் மேலேயே ஏறிச் சிறிது நேரம் மறைத்துவிடுவதும் உண்டு. தொடங்குபவர்கள் இந்த நான்கில் தொடங்குவதுதான் நல்லது. பூசம் மங்கலானது, நிலா வந்தால் அதன் வெளிச்சத்தில் கரைந்துவிடும். சுவாதியும் திருவோணமும் நல்ல பிரகாசம், ஆனால் நிலாப் பாதையிலிருந்து வடக்கே 30 டிகிரி அளவுக்குத் தள்ளி இருப்பவை. நிலா பக்கத்தில் தேடினால் கிடைக்காது.

டிகிரி என்றால் பயப்பட வேண்டாம். கையை முன்னால் முழுதாக நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. சுண்டுவிரல் 1 டிகிரி. முழு நிலா அரை டிகிரிதான், சுண்டுவிரல் நுனி அதை மறைத்துவிடும். நிலா பெரியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நம் திருவிழாக்களும் இதே கணக்குதான். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், மார்கழித் திருவாதிரை: ஒவ்வொன்றிலும் முழு நிலாவும் ஒரு விண்மீனும் சேருகின்றன. கலசப்பாக்கத்துக்கு மிக நெருக்கமானது கார்த்திகை தீபம். திருவண்ணாமலை இங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றியதும் எல்லோரும் தெற்கே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதே நேரம் கிழக்கே நிலா எழுந்துகொண்டிருக்கும். அதன் அருகே, சின்னக் கொத்தாக, கார்த்திகை இருக்கும். பழந்தமிழில் அறுமீன். நிலா வெளிச்சம் அதிகம் என்பதால் அன்று வெறும் கண்ணில் பிடிப்பது சிரமம். பைனாகுலர் வைத்திருந்தால் தெரியும். நான்கைந்து நாள் கழித்து, நிலா எழுவதற்கு முன்னால் பார்த்தால் ஆறு விண்மீன்களையும் எண்ணலாம். தெற்கே கும்பிட்டவர்கள் கிழக்கேயும் ஒரு நிமிடம் திரும்ப வேண்டும்.

செய்யாற்று மணலிலிருந்து ஒரு மாலை

தை, மாசி மாதங்களை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகியிருக்கும். வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்கள் பலவும் மாலையிலேயே மேலே இருக்கும். ஆற்று மணலில் படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

கிழக்கே பார்த்து நில்லுங்கள். பாதிக்கு மேல் உயரத்தில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில், சம இடைவெளியில், ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் இருக்க முடியாது. ஓரியன் என்று உலகம் அழைக்கும் வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை அது. அந்த மூன்றுக்கு இடப்பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை. வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரைஜல். விண்மீன்களுக்கு நிறம் உண்டு என்பதை ஒரு குழந்தைக்குக் காட்ட இந்த இரண்டும் போதும். சிவப்பு என்றால் மேற்பரப்பு ஒப்பீட்டளவில் குளிர்ச்சி, நீலம் என்றால் அதிக வெப்பம். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்தத் திருவாதிரை 2019 கடைசியில் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பேசியது. அது வெளியே வீசிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது என்று பிறகு விளங்கியது. தொலைநோக்கி எதுவும் இல்லாமல், வாசலில் நின்றே பார்த்திருக்கக்கூடிய நிகழ்ச்சி அது. தினமும் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் தெரிந்தது.

மூன்று விண்மீன் வரிசையை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி. இன்னும் நீட்டினால் கார்த்திகைக் கொத்து. கீழ்நோக்கி, சற்று வலப்பக்கமாக நீட்டினால் சிரியஸ். இரவு வானத்தின் விண்மீன்களில் மிகப் பிரகாசமானது. அதன் ஒளி நம்மிடம் வர 8.6 ஆண்டுகள் ஆகின்றன. சிரியஸுக்கும் கீழே, தெற்கு ஓரமாக, இரண்டாவது பிரகாசமான விண்மீன் எழுந்திருக்கும். அதுதான் அகத்தியர். கலசப்பாக்கத்தில் அது தெற்கே அதிகபட்சம் 25 டிகிரி, அதாவது இரண்டரை முட்டி உயரம் வரும். லண்டனில் இருப்பவர் தன் ஊரில் நின்று அதைப் பார்க்கவே முடியாது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கிடைத்த சொத்து இது.

வடக்கே துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக, ஒரு முட்டிக்குச் சற்று மேலே நிற்கும். அது நிற்கும் உயரமே ஊரின் அட்சரேகை. இந்த ஊருக்கு ஏறக்குறைய 12 டிகிரி. பெரிய பிரகாசம் எல்லாம் கிடையாது. அதைத் தேடி ஏமாந்து போகிறவர்கள் அதிகம்.

சித்திரை, வைகாசியில் வந்தால் காட்சி மாறிவிடும். வடக்கு வானில் சப்தரிஷி மண்டலம் ஏழு விண்மீன்களோடு நிற்கும். அதன் வாலில் நடு விண்மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து, பகல் பத்து மணிக்கு மண்டபத்துக் கூரையைப் பார்த்து அருந்ததி தெரிகிறதா என்று கேட்பார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிகிறது என்பார்கள். அந்தப் பொய்யை மெய்யாக்க ஒரு மாலை போதும். புதுமணத் தம்பதிகளுக்கு நான் சொல்வது இதுதான். சப்தரிஷியின் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, அதற்கு அப்பால் சித்திரை. இரவு பத்து மணிவாக்கில் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு என்னும் தென்சிலுவை நேராக நிற்கும்.

கிரகம் எது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மின்னினால் விண்மீன், மின்னாவிட்டால் கிரகம் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அது சரிதான், முழுதாகச் சரியல்ல. விண்மீன் வெகுதூரத்தில் ஒரு புள்ளியாக இருப்பதால் அதன் ஒளி நம் காற்றில் அலைக்கழிந்து மின்னுகிறது. கிரகம் அருகில் இருப்பதால் சின்னத் தட்டு. அலைக்கழிப்பு ஒன்றை ஒன்று ஈடுசெய்து ஒளி நிதானமாக இருக்கும். ஆனால் அடிவானத்தில் தாழ்வாக இருக்கும்போது கிரகமும் துடிக்கும்.

அதைவிட உறுதியான அடையாளம் பாதை. கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை, விசாகம், கேட்டை என்று ஒரு கோடு போடுங்கள். சூரியனும் நிலாவும் கிரகங்களும் போகும் நெடுஞ்சாலை அது. கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகங்களும் அதை விட்டு அதிகம் விலகுவதில்லை. அந்தச் சாலையில், உங்களுக்குத் தெரிந்த விண்மீன்களுக்கு நடுவே, தெரியாத பிரகாசமான ஒன்று நின்றால் அது கிரகம். சிரியஸ் எவ்வளவு பிரகாசித்தாலும் சாலைக்கு வெளியே நிற்பதால் அது கிரகம் அல்ல.

வெள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சூரியனிடமிருந்து 47 டிகிரிக்கு மேல் அது விலகாது. மாலையில் மேற்கே, அல்லது விடியலில் கிழக்கே. நடு இரவில் உச்சியில் பளிச்சென்று ஒன்று தெரிந்தால் அது வெள்ளி இல்லை, பெரும்பாலும் வியாழன். வியாழனுக்குப் பாலாடை நிறம். சனி மங்கிய மஞ்சள். செவ்வாய் சிவப்பு, ஆனால் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கு நெருங்கும்போதுதான் அதன் முழு அழகு. மற்ற காலத்தில் சாதாரண விண்மீன்போல் கிடக்கும். புதன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே இருப்பது. கலசப்பாக்கத்தில் அதற்கு இன்னொரு தடை: மேற்கே பருவதமலையும் ஜவ்வாது மலையும் எழுந்து நின்று அடிவானத்தை மறைக்கின்றன. புதனைப் பார்க்க நினைப்பவர்கள் மலையேற வேண்டும், அல்லது விடியலில் கிழக்கே தேட வேண்டும்.

இங்கேயும் நம் கையில் ஒரு வரைபடம் இருக்கிறது. குருப் பெயர்ச்சி, சனிப் பெயர்ச்சி என்று செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாகப் போடுகின்றனவே, அவை வானியல் தகவல்கள். வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள். ஆகவே ராசிக்கு ஒரு வருடம். சனிக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள். ராசிக்கு இரண்டரை வருடம். குரு மிதுனத்தில் என்றால் வியாழனைத் திருவாதிரை, புனர்பூசத்தின் பக்கம் தேடுங்கள்.

பஞ்சாங்கங்களுக்குள் சண்டை வந்தால்? திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். பழைய சூத்திரங்களைத் திருத்தாமல் பயன்படுத்துவது வாக்கியம். கண்ணால் காணும் நிலையோடு ஒத்துப்போகும்படி கணக்கிடுவது திருக்கணிதம். எது சரி என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சனியை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்தவர் மாடிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் மேற்கு வானத்தில் 0.1 டிகிரி நெருக்கத்தில் நின்றன. முழு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. அதற்கு முந்தைய மாதங்களிலிருந்தே இரண்டும் நாளுக்கு நாள் நெருங்கி வந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மாலை ஒரு கல்யாணம்போல் இருந்தது. அவை மறுபடி சந்திப்பது 2040-ல்.

மலைக்கு மேலே ஒரு ஊர்

கலசப்பாக்கத்திலிருந்து வடமேற்கே, அதே ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். சென்னையில் 1927-ல் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு, தெளிவான இரவுகளையும் தென்வானத்தையும் ஒருசேரத் தரும் இடத்தைத் தேடி, வான் ஆய்வகத்துக்கு இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்தில் அந்த விண்மீனின் ஒளி முன்கூட்டியே விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட இரவு அது. அமெரிக்கக் குழு விமானத்திலிருந்து பார்த்ததை, காவலூரிலிருந்து ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் பதிவு செய்தார்கள். 1988-ல் ஆர்.ராஜமோகன் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர்.

2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி பாப்புவின் கனவு. அந்தக் கண்ணாடியை இந்தியாவிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். முடிவதற்குள், 1982-ல் அவர் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். சனிக்கிழமைகளில் பொதுமக்கள் காவலூருக்குப் போய்ப் பார்ப்பது வழக்கத்தில் இருக்கிறது; கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் காவலூருக்குப் போனால்தான் வானம் தெரியும் என்று எண்ண வேண்டாம். வேண்டியது இருட்டு. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் கண் கெடாது. பிறகு ஒரு பைனாகுலர். வியாழனுக்குப் பக்கத்தில் கலீலியோ 1610-ல் பார்த்த நான்கு நிலாக்களும் அதில் தெரியும்; கையை மதில்மேல் அசையாமல் ஊன்றிக்கொண்டால் போதும்.

என் கவலை அந்த இருட்டைப் பற்றித்தான். எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு கிராமத்துத் தெருக்கள்கூட வானத்தைப் பார்த்து வெளிச்சம் கொட்டுகின்றன. தெருவுக்கு வேண்டிய வெளிச்சம் தெருவில் விழுந்தால் போதும். விளக்குக்கு மேலே ஒரு மூடி, அவ்வளவுதான் செலவு. லடாக்கில் உள்ள ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகம் அறிவித்து, உள்ளூர் மக்களையே வானம் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்தார்கள். ஜவ்வாது மலைக்கும் அடிவாரத்து ஊர்களுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு வேண்டும். கலசப்பாக்கம், போளூர், ஆலங்காயம் பக்கத்து ஊராட்சிகள் மூடிபோட்ட தெருவிளக்கிலிருந்து இதைத் தொடங்கலாம். அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அன்று ஆற்று மணலில் ஆயா கடைசியாகக் கேட்டார்: "பேரனதைக் காட்டிட்ட. என்னுது எங்க, தம்பி?"

"கேட்டை இப்ப மாலையில வராது ஆயா. விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தென்கிழக்கே பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கும்."

"வாசல் தெளிக்க அந்நேரம் எழுந்திருக்கத்தானே செய்யறேன்" என்றார்.

விடியலில் எழ முடியாத கேட்டை நட்சத்திரக்காரர்கள் ஆனி மாதம்வரை காத்திருக்கலாம். இரவு எட்டு மணிக்குத் தென்கிழக்கே, தேளின் நெஞ்சில் சிவப்பாக இருக்கும். ஆடி மாதத்தில் அதே நேரத்துக்கு நேர் தெற்கே, ஐந்து முட்டி உயரத்தில் நிற்கும்.